பெற்றோர்க்கு ஊரார் ஆற்றும் கடன்



குழந்தை வளர்ப்பைப் பற்றி ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடைபெற வேண்டும் என்று இவ்வறக்கட்டளையை நிறுவியவர்கள் விதித்திருக்கிறார்கள். எனக்கு முன்னே இம்மேடையில் பேசிய அறிஞர்கள் குழந்தையின் மனத்தைப் பற்றியும், ஆசிரியரின் பொறுப்பைப் பற்றியும், பெற்றோரின் கடமைகளைப் பற்றியும் விரிவாகவே பேசியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னவற்றில் நான் மறுக்க வேண்டியது ஒன்றுமில்லை. ஆயினும், பெற்றோரின் கடமைகளை வரிசையாக எடுத்துரைக்கும் பிரசங்கங்களும் புத்தகங்களும், அக்கடமைகளைச் செய்வதற்கு வேண்டிய அவகாசத்தையும் துணையையும் அவர்களுக்கு யார் தருவது என்ற கேள்வி எழும் இடத்திற்கு வந்ததும் மௌனமாகி விடுகின்றன என்பதை நெடுநாளாகக் கவனித்து வந்திருக்கிறேன். அந்த மௌனத்தைக் கலைப்பதே இன்று என் நோக்கம். பெற்றோருக்குப் புத்தி சொல்ல விரும்புகிறவர் எவராயினும், சொல்லுவதற்கு முன்னே அவர்களுக்குச் சற்றுப் பொழுதைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதை நிலைநாட்டுவதற்குச் சில உதாரணங்களை மட்டும் எடுத்துக் கொள்கிறேன்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். புறநானூற்றில் பொன்முடியார் பாடிய சிறு பாட்டு ஒன்றை நீங்கள் பள்ளிப் பருவத்திலேயே படித்திருப்பீர்கள். பட்டிமன்றங்களிலும் ஆண்டு விழாக்களிலும் அதனை எடுத்தாளுகிறவர்கள், தாயின் கடமையையும் தந்தையின் கடமையையும் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திக் கொள்வது வழக்கம். பாட்டோ அங்கே நிற்கவில்லை. ஆயுதம் ஆக்கித் தரும் பொறுப்பைக் கொல்லன் மேலும், நல்லொழுக்கத்தைப் பேணும் பொறுப்பை அரசன் மேலும் அது சுமத்துகிறது. ஒரு பிள்ளையை ஆளாக்குவதில் பட்டறைக்கும் அரண்மனைக்கும் பங்குண்டு என்று அந்த அம்மையார் கருதினார். நாமோ பின்பாதியை மறந்து விட்டு, முன்பாதியை மட்டும் பெற்றோர் முகத்துக்கு நேரே நீட்டிக் கொண்டிருக்கிறோம்.

முற்காலத்துக் கிராமத்தில் இப்பொறுப்பு சட்டமின்றியே நடந்தது என்று சொல்லுவார்கள். தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதும், மருத்துவச்சி வந்து பார்ப்பதும், அத்தை பத்தியம் சமைப்பதும், பாட்டி கால்நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவதும், அந்த நேரத்தில் பெற்றவள் ஒரு மணி நேரம் கண்ணயர்வதும் உண்மையே. பெற்றவளுக்கு அந்த ஒரு மணி நேரத் தூக்கம் எத்தனை பெரிய தர்மம் என்பதை ஆண்களாகிய நாம் ஊகித்துத்தான் அறிய வேண்டும். ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டை வானளாவப் புகழவும் நான் ஒருப்படேன். குழந்தைக்கு முதல் மருந்தாகிய சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னதும் அந்தப் பாட்டிதான். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் புகட்டச் சொன்னதும், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று தடுத்ததும் அவள்தான். துணை நிறைவாக இருந்தது. அறிவு பல இடங்களில் பிழையாக இருந்தது. இன்றைக்கு நிலைமை தலைகீழாகி விட்டது. திருப்பூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ, ஒற்றை அறையும் பொதுக் குழாயும் கொண்ட லைன் வீட்டில், கணவன் இரவு ஷிப்டுக்குப் போன பின் காய்ச்சல் கண்ட குழந்தையை மடியில் வைத்துக் கொண்டிருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கைப்பேசியில் உலகத்து வைத்தியர்கள் அனைவரும் பேசுகிறார்கள். குழந்தையைச் சற்று நேரம் வாங்கி வைத்துக் கொள்ளத்தான் ஆளில்லை.

பெற்றோருக்குக் கல்வி புகட்ட வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் ஸ்தாபன உருவம் பெற்றது ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னர். 1920களில் வைசிராய் ரெடிங் பிரபுவின் மனைவியார் ஆதரவில் தேசியக் குழந்தை வாரம் என்று ஒன்று கொண்டாடப்பட்டது. கண்காட்சிகள் வைத்தார்கள், படங்கள் காட்டினார்கள், சொற்பொழிவுகள் நிகழ்த்தினார்கள். எல்லாவற்றிற்கும் மேலாகக் குழந்தைகளை வரிசையாக அமர்த்திப் பரிசு கொடுத்தார்கள். செய்தவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பரிசுப் போட்டி என்பது இயல்பாகவே கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையைத் தேடிச் செல்லுவது. பரிசு பெறாத குழந்தையின் தாய், மெலிந்த தன் பிள்ளையை முந்தானையால் மூடிக் கொண்டு வீடு திரும்பும்போது என்ன கற்றுக் கொண்டு சென்றிருப்பாள்? தான் தோற்றவள் என்பதைத்தான் கற்றுக் கொண்டிருப்பாள். வெட்கப்பட்ட தாய் மறுமுறை அந்தப் பந்தலுக்கு வரமாட்டாள். வர வேண்டியவளோ அவளே.

இதற்கு நேர்மாறான வழி ஒன்று 1980ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முன்னோடியாகத் தொடங்கியது. உலக வங்கியின் கடனுதவியோடு தமிழக அரசு நடத்திய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அது. இரண்டாண்டுக்குள், 1982 ஜூலையில், எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் வந்து நாடெங்கும் பேர்பெற்று விட்டபடியால், இந்த முந்தைய முயற்சி பொதுமக்கள் நினைவில் அவ்வளவாகத் தங்கவில்லை. சோற்றுக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவார்கள். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள சிசுக்கள் வீட்டுக்குள்ளே கிடப்பவர்கள், ஆகையால் அவர்களுக்குச் செய்தது புகைப்படத்தில் விழவில்லை. ஆயினும் பெற்றோர் கல்வியின் சரித்திரத்தில் இதற்கு உரிய இடம் மிக உயர்ந்தது என்று நான் கருதுகிறேன்.

அத்திட்டத்தின் அச்சாணி ஒரு பெண். அவளைச் சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளர் என்று காகிதத்தில் எழுதினார்கள். அவளைத் தேர்ந்தெடுத்த முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. நகரத்திலிருந்து பட்டம் பெற்ற ஒருத்தியை அனுப்பவில்லை. அந்த ஊரிலேயே வசிக்கிறவளாகவும், ஏழைக் குடும்பத்தவளாகவும், தன் குழந்தைகளைத் திடமாக வளர்த்துக் காட்டியவளாகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். இதன் பொருளைச் சிந்தித்துப் பாருங்கள். எங்கிருந்தோ வந்த ஒருவர், கீரையும் பருப்பும் கொடு என்று ஒரு கூலிக்காரப் பெண்ணிடம் சொன்னால், உங்களுக்கென்ன, சொல்லுவீர்கள் என்று அவள் மனத்துக்குள் நினைத்துக் கொள்ளுவாள். அதே கூலியில், அதே ரேஷன் அரிசியில், அதே தெருவில் பிள்ளை வளர்த்த ஒருத்தி சொன்னால் அந்தப் பதிலுக்கு இடமில்லாமல் போகிறது.

அவள் செய்த காரியம் வெளிப்பார்வைக்கு மிக எளியது. மாதந்தோறும் குழந்தைகளை எடை போட்டு அட்டையில் ஒரு புள்ளி வைப்பாள். சென்ற மாதப் புள்ளியையும் இந்த மாதப் புள்ளியையும் கோட்டால் இணைப்பாள். கோடு ஏறியிருக்கிறதா, படுத்திருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்பதை எழுத்தறியாத தாயும் கண்ணால் கண்டு கொள்ளலாம். அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடும் பேச்சே அங்கே எழாது. மாரி என்றொரு குழந்தை இருந்தால், சென்ற மாதத்து மாரியோடு இந்த மாதத்து மாரியை ஒப்பிடுவதே கணக்கு. எடை போதிய அளவு கூடாத குழந்தைக்கும் மிகவும் மெலிந்து போன குழந்தைக்கும் மட்டும் தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த சத்துருண்டை தினந்தோறும் கொடுப்பார்கள். 90 நாளில் 500 கிராம் ஏறிவிட்டால் உருண்டை நின்று விடும். ஏறாவிட்டால் சுகாதாரப் பணியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லுவார்கள். உணவு தேறும்வரை கொடுக்கும் மருந்தாக இருந்ததே ஒழிய, என்றென்றைக்கும் கொடுக்கும் மானியமாக இல்லை.

அப்படிப்பட்ட எடை போடும் காலைப் பொழுது ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்து ஓட்டுத் தாழ்வாரத்து உத்திரத்தில் தராசைத் தொங்க விட்டு, அதன் கொக்கியில் துணித் தொட்டிலை மாட்டியிருந்தார்கள். தொட்டிலில் கால்களை உதைத்துக் கொண்டு ஒரு பெண் குழந்தை அலறியது. பணியாளர் முள்ளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கோடு படுத்திருந்தது. "ஏன் எடை கூடலை?" என்று அவர் கேட்கவில்லை. "களையெடுப்பு தொடங்கிட்டீங்களா, மதினி?" என்று கேட்டார். தாய் தலையசைத்தாள். விடிவதற்கு முன்னே போய்விடுகிறாள் என்றும், பால் கொடுக்க ஒருவேளைதான் வீட்டுக்கு வர முடிகிறது என்றும், எட்டு வயது அக்காள்தான் குழந்தையைப் பார்த்துக் கொள்கிறாள் என்றும் மூன்று நாலு கேள்வியில் வெளியே வந்து விட்டன. அதன் பிறகுதான் உணவைப் பற்றிய பேச்சு நடந்தது. அதுவும், அக்காளால் ஊட்ட முடிகிற உணவு எது என்பதாகவே நடந்தது. எடை குறைந்ததற்குக் காரணம் அறியாமை என்று தொடக்கத்திலேயே முடிவு கட்டியிருந்தால், அந்தத் தாய்க்கு ஏற்கெனவே தெரிந்த உபதேசம் ஒன்றை மீண்டும் ஒருமுறை கேட்டுவிட்டு அவள் காட்டுக்குப் போயிருப்பாள்.

இத்திட்டத்திலும் குறை இருந்தது. உருண்டையை மையத்திலேயே தின்ன வைக்க வேண்டும் என்பது விதி. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் நாலு பிள்ளைகள் பங்கு போட்டுக் கொள்ளும் என்ற நியாயமான அச்சமே காரணம். ஆனால் நடவு காலத்திலும் அறுவடைக் காலத்திலும் குழந்தையைத் தினந்தோறும் தூக்கி வருவதற்கு வீட்டில் ஆள் இராது. திட்டம் வகுத்தவர்கள் உணவுக்குக் கணக்குப் போட்டார்கள், எடைக்குக் கணக்குப் போட்டார்கள்; தாயின் நேரத்துக்கு மட்டும் விலையில்லை என்று எண்ணி விட்டார்கள். இந்தப் பிழையைச் செய்தவர்கள் அவர்கள் மட்டுமல்லர்.

இனி, இதனினும் கடினமான நிலைமையில் இருக்கும் பெற்றோரைப் பார்ப்போம். செவி கேளாத குழந்தையைப் பெற்றவர்கள் அவர்கள். அமெரிக்காவில் புகழ்பெற்ற திரைப்பட நடிகராகிய ஸ்பென்சர் டிரேசியின் மனைவியார் லூயிஸ் டிரேசி. அவர்களுடைய மகன் ஜான் 1924இல் பிறந்தான். குழந்தை உறங்கும்போது கதவு பலமாக அடித்துக் கொண்டதையும், அந்த ஓசைக்கு அவன் சிறிதும் அசையாததையும் கண்டபோதுதான் தாய்க்கு உண்மை புலப்பட்டது. பள்ளிக்கூட வயது வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே அக்காலத்தில் வைத்தியர்கள் சொல்லக்கூடிய வார்த்தை. பேச்சை இழந்த அந்த முதல் ஐந்தாண்டுகளைத் திரும்பப் பெற முடியாது என்று உணர்ந்த அந்த அம்மையார், தாமே கற்றுத் தம் மகனுக்குக் கற்பித்தார். பின்னர் 1942இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தம் மகன் பெயரால் ஒரு நிலையம் தொடங்கினார். அடுத்த ஆண்டு அந்நிலையம் செய்த காரியமே நமக்கு முக்கியமானது: தொலைவிலுள்ள பெற்றோருக்கு அஞ்சல் வழியாகப் பாடங்களை இலவசமாக அனுப்பத் தொடங்கியது. நேரில் வர இயலாத தாய், இரவில் பாத்திரம் கழுவி முடித்த பின், சமையற்கட்டு மேசையில் உட்கார்ந்து அந்தப் பாடத்தைப் படிக்கலாம்; மறுநாள் தன் வீட்டிலேயே, தன் வேலைக்கிடையே செய்து பார்க்கலாம். தாயின் பொழுதைக் கணக்கில் எடுத்துக் கொண்ட பாடத்திட்டம் அது.

நம் சென்னையிலும் 1969ஆம் ஆண்டு முதல் பாலவித்யாலயா என்ற பள்ளி இத்துறையில் பணிபுரிந்து வருகிறது. அங்கே கேட்கும் திறன் குன்றிய சிசுக்களை ஐந்து வயதுக்கு முன்பே சேர்த்துக் கொள்கிறார்கள். குழந்தையோடு தாயும் வகுப்பில் உட்கார வேண்டும். ஆசிரியை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்துத் தாய் கற்றுக் கொள்ளுகிறாள். குழந்தையின் காதில் கருவியைப் பொருத்திவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் இப்படிப்பட்ட தாயின் சமையலறையில் நிற்க வேண்டும். தக்காளியை எடுக்கும்போது தக்காளி என்கிறாள். நறுக்கும்போது நறுக்குகிறேன் என்கிறாள். எண்ணெய் பொரியும்போது குழந்தையின் காதைத் தொட்டுக் காட்டி, சத்தம் கேட்டதா என்கிறாள். நாள் முழுதும் சலிக்காமல் பேசிக் கொண்டே இருக்கிறாள். அவள் அவ்வாறு பேசுவதைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் பிறகு சாதாரணப் பள்ளிகளில் சேர்ந்து படிக்கிறார்கள்.

இதனைப் போற்றும்போதே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. தினந்தோறும் பள்ளிக்கு வந்து உட்காரும் தாய், வேலையை விட்டவளாகவோ வேலையே தேடாதவளாகவோ இருக்கிறாள். வெளியூர்க் குடும்பமானால் குழந்தைக்காகச் சென்னைக்குக் குடிபெயர வேண்டும்; கணவன் ஓரிடத்திலும் மனைவி ஓரிடத்திலுமாக இருக்க வேண்டும். இந்தத் தியாகத்தைப் புகழுவது சுலபம். தியாகம் செய்ய வசதியற்றவளின் குழந்தை என்ன ஆவது? தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், இளமையிலேயே முதுகுத் தண்டில் அடிபட்டு உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் நிறுவிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள், வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தைகளின் வீடுகளுக்குத் தாங்களே சென்று, பீடி சுற்றிக் கொண்டிருக்கும் தாயின் பக்கத்தில் அமர்ந்து பயிற்சியைக் காட்டிக் கொடுக்கிறார்கள். பாடம் வீட்டுக்கு வருகிறது; கூலி கெடுவதில்லை. இரண்டும் வேண்டும் என்பதே என் தீர்ப்பு. ஆனால் அரசாங்கப் பணத்தை எங்கே முதலில் செலவிடுவது என்று என்னைக் கேட்டால், நடந்து போகிறவர்களுடைய செருப்புக்குச் செலவிடுங்கள் என்பேன்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1950களின் இறுதியில், காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த நாட்களில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. நிலமும் பெஞ்சும் கரும்பலகையும் சீருடையும் மனமுவந்து கொடுத்தவர்களில் தாங்கள் பள்ளியையே எட்டிப் பாராதவர்கள் பலர். ஊர் பள்ளிக்குக் கொடுக்கும் என்பது அன்று நிரூபணமாயிற்று. பின்னர் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும், குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் விதித்து, பெற்றோரைக் கொடையாளி ஸ்தானத்திலிருந்து பரிபாலனம் செய்யும் ஸ்தானத்துக்கு உயர்த்தியது. சட்டத்தின் உத்தேசம் உன்னதமானது. நடப்பதோ வேறு. கூட்டம் காலை பதினொரு மணிக்கு என்று சீட்டு வருகிறது. சித்தாள் வேலைக்குப் போகும் தாய் வந்தால் அன்றைய சம்பளம் போயிற்று. ஆகவே, பின்னொரு நாள் பிள்ளையைக் கூட்டிப் போக வரும்போது வாசலில் நின்றபடியே பதிவேட்டில் கையெழுத்திட்டுச் செல்கிறாள். தலைமையாசிரியரைக் குறை கூறவும் வழியில்லை. மாலையில் அவருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். பெற்றோருக்கு அக்கறையில்லை என்ற புகாரை நான் எத்தனையோ ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறேன். அக்கறையை அளக்க நாம் வைத்திருக்கும் கோல், வேலை நாளில் பகல் பதினொரு மணி. அந்தக் கோலால் அளந்தால், அக்கறை நிறைந்தவர்கள் ஓய்வூதியக்காரர்களாகவே இருப்பார்கள்.

தந்தையரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோர் என்று எழுதிவிட்டுத் தாயை மட்டும் அழைப்பது நம் திட்டங்களின் பழைய வழக்கம். எடை போடும் இடத்தில் ஒரு தந்தை குழந்தையைத் தூக்கிக் கொண்டு வந்தால், சுற்றியிருக்கும் பெண்களே சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு தானே அடங்க வேண்டும். சட்டத்தால் அடக்க முடியாது. என் எதிரே அமர்ந்திருக்கும் மாணவ இளைஞர்கள் இதைக் குறித்துக் கொள்ளலாம்.

பொழுதைத் தேடித் தருவது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். சட்டப் புத்தகங்களில் அதற்கு வழி ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கிறது. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேற்பட்டோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக் கொள்ள அமர்த்தி, அவருக்கும் முழுக் கூலி தர வேண்டும் என்றது. நூறு நாள் வேலை நடந்த எத்தனை கண்மாய்க் கரைகளில் அப்படி ஒருவரைக் கண்டீர்கள்? வேப்ப மரத்தில் கட்டிய சேலைத் தூளியைத்தான் கண்டிருப்பீர்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று வர அனுமதிக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த நகரத்துத் துணிக்கடைகளில் வேலை செய்யும் பெண்களிடம் இதனைப் படித்துக் காட்டினால், வேறு தேசத்துச் சட்டமோ என்று கேட்பார்கள்.

ஆகவே, சட்டம் நடைமுறைக்கு வரட்டும் என்று காத்திராமல், இந்த மண்டபத்தில் இருப்பவர்கள் தங்கள் அளவில் செய்யக் கூடிய ஒன்றைக் கேட்டு என் உரையை முடித்துக் கொள்கிறேன். நம் மாநிலத்தில் துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள் புதன்கிழமை. அன்று காலையில்தான் கிராம சுகாதார செவிலியர் ஊரிலுள்ள இளம் பெற்றோரைச் சந்தித்துப் பேசுகிறார். பெற்றோர் கல்வி என்று நாம் பெரிய பெயரிட்டு அழைப்பது பெரும்பாலும் அந்த வராந்தாவில் அந்த அரை மணி நேரத்தில்தான் நடக்கிறது. இங்கே கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், பட்டறை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், தோட்டத்திலும் வீட்டிலும் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் இருக்கிறீர்கள். கைக்குழந்தையுள்ள ஒரு தாயோ தந்தையோ புதன்கிழமை பதினொரு மணிக்கு வேலைக்கு வந்தால், ஏன் தாமதம் என்று கேளாதீர்கள்; அன்றைய கூலியில் ஒரு காசும் பிடிக்காதீர்கள். வருகிற புதன்கிழமையே தொடங்கலாம்.